எண்ணெய் வார்த்த எலைஜா மக்கோய்

நாவலப்பிட்டியை விட்டுப் புறப்படும் புகையிரதப் பாதை இங்குருஓயா, கலபொட, வட்டவளை என்று மலையின் விலாவைத் தழுவித் தழுவி ஏறி, றொசல்லயைக் கடந்து அட்டனை அடைகின்றது. நாவலப்பிட்டியிற் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் நிற்கும் வண்டி, அட்டனில் 4,100 அடிக்கு மேற் சென்று நிற்கும். நாற்பத்து நான்கு அடி சென்றால் ஓரடி உயர்தல் வேண்டும். அதுவே இப்பாதையின் கணக்கு. 1884 ஆம் ஆண்டு அட்டன் வரை இப்பாதை திறக்கப்பட்டது. அந்நாள் தொட்டு டீசல் எஞ்சின்கள் வந்து இடம் பிடிக்கும் வரை, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக நீராவி எஞ்சின்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய ஏற்றம் இது. தேயிலைக் கொழுந்து பறிப்போர் கோச்சியின் ஊதலைக் கேட்டே பொழுதை அளந்துகொண்டதும் உண்டு.

இந்த ஏற்றத்தைக் கண்ணுற்ற எவரும் நெருப்பையும் புகையையும் நினைப்பர். கரியை வாரிப் போட்ட பயர்மனின் தோள்வலியையும் நினைப்பர். எண்ணெயை நினைப்பவர் அரியர். ஆயினும், நெருப்பு இல்லாத எஞ்சின் நகராது நிற்கும், அவ்வளவே. எண்ணெய் இல்லாத எஞ்சினோ நகர்ந்து நகர்ந்து தன்னைத்தானே தின்றுவிடும். உருளைக்குள் முன்னும் பின்னும் ஓடுகின்ற முசலம், நீராவியைப் பங்கிட்டு விடுகின்ற வால்வு, பாரத்தைத் தாங்கும் அச்சு ஆகிய ஒவ்வொன்றும் இரும்போடு இரும்பு உராய்வது. இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும் வரை அவை நண்பர். அது வற்றிய கணமே பகைவர்.

இவற்றுள் அச்சுக்கு எண்ணெய் இடுதல் எளிது. உருளைக்கு இடுதலே அரிது. ஏன் என்பதைச் சற்று நின்று நோக்குவோம். உருளைக்குள் நீராவி பெரும் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும். அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து எண்ணெயை ஊற்றித் திறப்பைத் திருகினால், எண்ணெய் உள்ளே இறங்காது. நீராவியே மேலே பீறிட்டு ஊற்றுபவனின் முகத்தில் அடிக்கும். ஆதலால் நீராவியை அடைத்துவிட்டு, வண்டி தன் வேகத்தில் உருளும்போது அல்லது நிற்கும்போது மட்டுமே எண்ணெய் இடுதல் கூடும். சமவெளியில் இது தொல்லை. மலையிலோ இது ஆபத்து. வட்டவளையிலிருந்து றொசல்ல நோக்கி ஏறும் எஞ்சினில் நீராவியை அடைத்தால் வண்டி நின்றுவிடும். அடைக்காவிட்டால் உருளைக்கு எண்ணெய் கிட்டாது. எந்த நேரத்தில் உருளைக்கு எண்ணெய் மிக வேண்டுமோ அந்த நேரத்திலேயே அதனைக் கொடுக்க வழியில்லை. இறக்கத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போது அதற்கு அவ்வளவு தேவையில்லை! வறியவனுக்கு மூடியிருந்து செல்வனுக்குத் திறக்கும் களஞ்சியம் போன்றது இது.

எஞ்சின் ஓடும்போதே, நீராவியின் அழுத்தத்தை மீறி, தானாகவே உருளைக்குள் எண்ணெய் சென்று சேரும் வழியைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாறே இங்கு சொல்லப்படுவது. அவர் பெயர் எலைஜா மக்கோய். அடிமைகளாய் இருந்து தப்பியோடியவர்களின் மகன். அமெரிக்காவிற் பெரும் புகழ் பெற்ற இப்பெயர் நம் மாணவர்களிற் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஜேம்ஸ் வாட், ஜோர்ஜ் ஸ்டீவன்சன் என்று பாடநூல்கள் வரிசைப்படுத்தும் பெயர்களோடு இதனையும் சேர்த்து வைத்தல் தகும்.

மக்கோயின் தந்தை ஜோர்ஜ், தாய் மில்ட்றட். இருவரும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகள். அம்மாநிலத்தின் வட எல்லை ஒகையோ ஆறு. ஆற்றுக்கு இப்பால் மனிதன் விற்பனைப் பொருள், அப்பால் மனிதன். எனினும் அப்பாற் சென்றவனையும் பிடித்துக் கொணர்ந்து உடையவனிடம் ஒப்படைக்கச் சட்டம் இருந்தது. ஆகவே ஆற்றைக் கடந்தாற் போதாது. நாட்டையே கடந்து பிரித்தானிய ஆட்சியிலிருந்த கனடாவை அடைதல் வேண்டும். அங்ஙனம் ஓடுவோரை இரவிரவாக வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்து அனுப்பிய நல்லோர் கூட்டம் ஒன்று இருந்தது. அந்த இரகசிய வழிக்கு அவர்கள் இட்ட பெயர் நிலத்தடிப் புகையிரதம் என்பது. அதில் தண்டவாளம் இல்லை, எஞ்சின் இல்லை, ஊதல் இல்லை. ஒளித்து வைத்த வீடுகளை நிலையங்கள் என்றனர். வழிகாட்டியவரை வண்டி நடத்துநர் என்றனர். பின்னாளில் உண்மைப் புகையிரதத்துக்கு எண்ணெய் வார்க்கப் போகின்றவனின் பெற்றோர் இந்தப் பொய்ப் புகையிரதத்தில் ஏறித் தப்பியவர்கள் என்பதை வரலாறு எவ்வளவு இயல்பாகச் சொல்லி வைத்திருக்கின்றது, பாருங்கள்.

கனடாவின் ஒன்ராறியோப் பகுதியில் கொல்செஸ்டர் என்னும் ஊரில் 1844 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி எலைஜா பிறந்தார். சுதந்திர மண்ணில், சுதந்திரக் குழந்தையாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் பதினொருவர். அதே 1844 இலேதான் இலங்கையிலும் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது. அந்த ஆண்டுகளிலேயே தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலே கொள்ளை நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் அடிமைகள் அல்லர், கூலிக்கு வந்தவர் என்று ஏடுகள் கூறும். கங்காணியின் பற்றுச்சீட்டிலே தொடங்கிய கடன் எத்தனை தலைமுறைக்குத் தொடர்ந்தது என்பதை நம் தோட்டங்களின் முதியோர் அறிவர். சட்டம் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வாழ்வு உடனே மாறிவிடுவதில்லை. மக்கோயின் வாழ்வும் அதனையே காட்டும்.

குடும்பம் பின்னர் அமெரிக்காவுக்கே திரும்பி, கனடாவின் எல்லையை அடுத்த மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்னும் ஊரிற் குடியமர்ந்தது. தந்தை அங்கே சுருட்டு செய்து விற்றார். பொறிகளைப் பிரிப்பதும் பூட்டுவதும் சிறுவன் எலைஜாவுக்கு விளையாட்டு. இதைக் கண்ட பெற்றோர் செய்த காரியம், அக்காலத்து நிலையை எண்ணினால் வியப்பைத் தருவது. 1859 இல், பதினைந்து வயதுப் பையனை அத்திலாந்திக் பெருங்கடலுக்கு அப்பால், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் பொறியியல் பயில அனுப்பினர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓர் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாயிருந்த காலம் அது. எழுதப்படிக்க மறுக்கப்பட்ட தலைமுறை ஒன்று, தன் அடுத்த தலைமுறையைக் கப்பலேற்றிப் பட்டறைக் கல்விக்கு அனுப்பியது! சுருட்டுச் சுற்றிய காசிலே கல்வியை வாங்கிய அந்தத் தந்தையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். நம் மலையகத்தில் பிரட்டுக்குப் போய்ப் பெற்ற சம்பளத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் புத்தகத்துக்கென்று முடிந்து வைத்த தாய்மாரைக் கண்டவன் ஆதலால், இந்தச் செய்தியை நான் விரைந்து கடந்து போக இயலவில்லை.

ஸ்கொட்லாந்து ஜேம்ஸ் வாட் பிறந்த மண். நீராவிப் பொறிக்கு ஒரு தாய்வீடு. அங்கே பட்டறையிற் பயிற்சியும் பாடமும் பெற்று, பொறிமுறைப் பொறியியலாளர் என்ற தகுதியோடு மக்கோய் மீண்டார். அவர் இல்லாத காலத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1861 இல் மூண்டு 1865 இல் ஓய்ந்திருந்தது. அடிமைமுறையும் அரசியலமைப்புத் திருத்தத்தால் நீக்கப்பட்டிருந்தது. தடைகள் யாவும் விலகின என்று எண்ணி வேலை தேடினார். ஆனால் ஒரு கறுப்பினத்தவரைப் பொறியியலாளராக ஏற்க எவரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் புகையிரதப் பாதையில் அவருக்குக் கிடைத்த வேலை பயர்மன் வேலை. அத்தோடு எண்ணெய் இடும் வேலை. பொறியை வரையக் கற்றவர் பொறிக்குக் கரி வாரிப் போட்டார்.

இந்த வேலை எத்தகையது? வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே எஞ்சின் கொட்டிலுக்கு வந்துவிட வேண்டும். முதல் நாளைய சாம்பலை வாரி, கம்பித் தட்டைச் சுத்தஞ்செய்து, கொதிகலத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து, நெருப்பை மெல்ல மெல்ல வளர்க்க வேண்டும். அவசரப்பட்டு மூட்டினால் இரும்புத் தகடுகள் ஓரிடத்தில் விரிந்து ஓரிடத்தில் விரியாது பொருத்துகள் கசியும். நெருப்பு வளரும் வேளையில் எண்ணெய்க் குப்பியோடு எஞ்சினைச் சுற்றி வர வேண்டும். அச்சுத் தாங்கிகளின் மேலும் இணைப்புத் தண்டுகளின் மேலும் சிறு கிண்ணங்கள் இருக்கும். அவற்றிலே கம்பளி நூலால் ஆன திரி ஒன்று கிடக்கும். அதன் ஒரு நுனி எண்ணெயில். மறு நுனி கீழே செல்லும் குழாயில். நம் வீட்டு அகல் விளக்கிலே திரி எண்ணெயை மேலே உறிஞ்சிச் சுடருக்குக் கொடுக்கும். இங்கே திரி எண்ணெயை விளிம்புக்கு மேலேற்றி, மறுபக்கம் சொட்டுச் சொட்டாக இறக்கிவிடும். விதி ஒன்றே. திரி தடித்தால் எண்ணெய் மிகும்; மெலிந்தால் குறையும். பழையதாகிப் பிசுக்கேறினால் நின்றே போகும். ஆகவே திரியைக் கழுவி, இழையைக் கூட்டிக் குறைத்து வைப்பது ஒரு கைப்பழக்கம். வேலை முடிந்து வண்டி கொட்டிலில் நிற்கும்போது திரியை வெளியே எடுத்துவிடுவதும் உண்டு. இல்லாவிட்டால் ஓடாத எஞ்சின் இரவெல்லாம் எண்ணெயை வீணே குடிக்கும்.

நிலையந்தோறும் வண்டி நின்றவுடன் எண்ணெய்காரன் குதித்து இறங்கி, ஒவ்வோர் அச்சுப் பெட்டியின் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பான். கை பொறுக்கும் சூடாயின் நலம். பொறுக்காவிட்டால் அங்கே எண்ணெய் வற்றியது என்று பொருள். சூடேறிய தாங்கியின் தீய்ந்த நாற்றத்தை மூக்கு அறிந்துவிட்டால், கண்ணை விடக் காதை விட அது முந்திச் சொல்லிவிடும். உருளைக்கோ, முன்பே சொன்னபடி, வண்டியை நிறுத்தி அல்லது நீராவியை அடைத்து எண்ணெய் இட வேண்டும். ஓடும் எஞ்சினின் பக்கப் பலகை மேல் நடந்து சென்று, ஒரு கையாற் கம்பியைப் பற்றி மறு கையால் ஊற்றிய பயர்மன்மாரும் இருந்தனர். மழையும் பனியும் படிந்த பலகையில் கால் வழுக்கினால் அவ்வளவே.

எண்ணெய் இடும் தொழில் புதியதன்று. வண்டி என்று தோன்றியதோ அன்றே மசகும் தோன்றியிருக்க வேண்டும். உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே சேம அச்சைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் எடுத்தாள்கின்றார். அச்சு முறியும் என்ற அச்சம் அவ்வளவு பழையது. மலைநாட்டுக்குப் புகையிரதம் வருமுன் கோப்பி மூடைகளைக் கொழும்புக்கு இறக்கிய மாட்டு வண்டிகளும் மசகின்றி ஒரு நாளும் ஓடியிரா. எஞ்சினுக்கு ஆதியில் இட்டது மிருகக் கொழுப்பு. இந்தியாவின் இருப்புப் பாதைகளிலோ ஆமணக்கெண்ணெய் பெரிதும் வழங்கியது. கொழுப்பில் ஒரு குற்றம் உண்டு: நீராவியின் சூட்டில் அது சிதைந்து அமிலமாகி, எந்த இரும்பைக் காக்க வந்ததோ அந்த இரும்பையே அரித்துவிடும். 1859 இல் பென்சில்வேனியாவில் மண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னரே கனிம எண்ணெய்கள் மலிந்தன. மக்கோய் வேலைக்கு வந்த காலம் இந்த மாற்றத்தின் காலம்.

கரியை வாரிய கை ஓய்ந்த வேளைகளில், இப்சிலாந்தியிலிருந்த தம் சிறு பட்டறையில் அவர் ஆராய்ச்சி நடத்தினார். எந்த நீராவி எண்ணெயைத் தடுக்கின்றதோ அந்த நீராவியைக் கொண்டே எண்ணெயை உள்ளே அனுப்பலாகாதா என்பதே அவர் எண்ணம். எண்ணெய்க் கிண்ணத்தினுள்ளே நேராக நிற்கும் ஒரு தண்டு. அதன் அடியில் எண்ணெய் வழியை மூடும் ஒரு வால்வு. எஞ்சினுக்கு நீராவி செல்லும்போது அதன் அழுத்தம் தண்டைத் தள்ள, வால்வு திறந்து எண்ணெய் இறங்கும். நீராவியை அடைத்தால் வால்வும் அடைபடும். எஞ்சின் உழைக்கும்போது எண்ணெய், ஓயும்போது ஓய்வு. மனிதக் கை வேண்டியதில்லை. இக்கருவிக்கு 1872 ஜூலையில் அமெரிக்க அரசின் புத்தாக்க உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. அதன் இலக்கம் 129,843.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தானியங்கி எண்ணெய்க் கருவியை உலகில் முதன்முதற் கண்டவர் மக்கோயே என்று சில நூல்கள் எழுதிச் செல்கின்றன. அது மிகை. இங்கிலாந்தில் ஜோன் ராம்ஸ்பொட்டம் என்னும் புகையிரதப் பொறியியலாளர் 1860 இலேயே வேறொரு வழியைக் கண்டிருந்தார். நீராவியைச் சிறு பாத்திரத்தினுட் செலுத்திக் குளிரவிட்டால் அது நீராகும். நீர் கனமானது, எண்ணெய் இலேசானது. ஆகவே நீர் அடியிலே தங்கி எண்ணெயை மேலே தூக்கும். தூக்கிய எண்ணெய் குழாயின் விளிம்பைக் கடந்து உருளைக்குட் சென்று விழும். சமையற்கட்டில் நாள்தோறும் காணும் காட்சிதான். இதிலிருந்தே பின்னர், எண்ணெய்த் துளி கண்ணாடிக் குழாய்க்குள் நீரினூடே மேலெழுவதைச் சாரதி தன் இருக்கையிலிருந்தே பார்க்கக்கூடிய கருவிகள் வளர்ந்தன. நிமிடத்துக்கு எத்தனை துளி என்று எண்ணித் திருகைச் சரிசெய்துகொள்ளலாம். மலையேற்றத்தில் துளியைக் கூட்டலாம், இறக்கத்திற் குறைக்கலாம். ஆகவே மக்கோயின் பெருமை முதல்வர் என்பதில் இல்லை. ஒரு முறை கண்டுவிட்டு அமைந்துவிடாமல், ஐம்பது ஆண்டுக் காலம் அதே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தொட்டு, எஞ்சின்கள் மாறுந்தோறும் கருவியையும் மாற்றிக்கொண்டே வந்தாரே, அதிலேதான் அவர் பெருமை இருக்கின்றது. பொய்ப் புகழை ஏற்றிச் சொல்வது ஒரு பெரியவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உரிமை பெற்ற அதே 1872 ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டாகவும் அமைந்தது. 1868 இல் மணந்த மனைவி ஆன் எலிசபெத் அவ்வாண்டில் இறந்தார். மறு ஆண்டில் மேரி எலியனோரா டிலேனி என்பவரை மணந்தார். இந்த அம்மையாரும் தப்பியோடிய அடிமைகளின் வழியில் வந்தவர். கணவரின் பெயருக்குப் பின்னே மறைந்து போகாது, தாமே பெரிய சமூகத் தொண்டராய் விளங்கினார். முதுமையில் ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கென டெட்ரொயிட் நகரில் ஓர் இல்லம் அமைய உழைத்தோரில் முன்னின்றவர். கறுப்பினப் பெண்களின் சங்கங்கள் பலவற்றை வளர்த்தவர். தம்பதியர் 1880களில் டெட்ரொயிட்டில் வாழலாயினர்.

மக்கோயின் கருவிகள் எஞ்சின்களிற் பொருத்தப்பட்டன. கப்பல்களிலும் ஆலைகளிலும் இடம் பெற்றன. பயர்மனாய் இருந்தவர், கருவியைப் பொருத்தவும் பேணவும் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரானார். பட்டறைக் கல்விக்கு இறுதியில் ஒரு பயன் கிட்டியது எனலாம். பின்னும் பின்னும் உரிமைப் பத்திரங்கள் குவிந்தன. வாழ்நாளில் அவர் பெற்றவை 57. பெரும்பாலானவை எண்ணெய் இடுதல் பற்றியனவே. இடையிடையே மடக்கி வைக்கக்கூடிய துணி அழுத்தும் மேசை, புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவி என்று வீட்டுப் பொருள்களும் உண்டு. 1909 இல் புக்கர் வாஷிங்டன் தம் இனத்தவரின் வரலாற்றை எழுதியபோது, அதுவரை கறுப்பினக் கண்டுபிடிப்பாளருள் மிகுதியான உரிமைகளைப் பெற்றவர் மக்கோயே என்று குறித்துள்ளார்.

இத்தனை இருந்தும் அவர் செல்வராகவில்லை. காரணம் எளிது. கருவியைக் கண்டுபிடிக்க மூளை போதும். அதனை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்க முதல் வேண்டும். முதல் அவரிடம் இல்லை. அவருக்குக் கடன் கொடுப்பாரும் இல்லை. ஆகவே உரிமையை முழுதாகவோ பங்காகவோ முதலாளிகளுக்கு விற்று, அந்தப் பணத்தில் அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்குவார். கருவி விற்பனையாகும், அதன் பித்தளை முகப்பிலே வேறொருவர் பெயர் பொறித்திருக்கும். கொழுந்தைப் பறித்தவள் பெயர் தேயிலைப் பெட்டியில் இருப்பதில்லை என்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆயினும் பறித்த கொழுந்து திரும்பி வராது. விற்ற எண்ணம் மட்டும் அவருடைய மூளையிற் புதிதாக முளைத்துக்கொண்டே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சின்களில் ஒரு பெரு மாற்றம் வந்தது. கொதிகலத்திலிருந்து வரும் நீராவியை நேரே உருளைக்கு அனுப்பாது, நெருப்புக் குழாய்களினூடே மீண்டும் ஒருமுறை ஓடவிட்டு மிகுசூடேற்றி அனுப்பினர். கரியும் நீரும் பெரிதும் மிச்சமாயின. ஆனால் சாதாரண நீராவியில் எப்போதும் சிறிது ஈரம் இருக்கும். அந்த ஈரமும் உருளைக்கு ஒருவகை வழுவழுப்பைத் தந்துகொண்டிருந்தது. மிகுசூட்டு நீராவி எலும்பு போல் வறண்டது. அதன் வெம்மையில் எண்ணெய் கருகிக் கட்டியாகி, வால்வுகளில் அடைந்தது. கரியில் மிச்சப்படுத்திய காசைப் பழுதுபார்ப்பிற் செலவிட நேர்ந்தது. எழுபதை எட்டிய மக்கோய் இதற்கும் விடை தேடினார். வெம்மையாற் கருகாத வழுவழுப்பான பொருள் எது? காரீயம். பென்சிலுக்குள்ளே இருக்கின்ற அந்தக் கரும்பொருள். அதன் நுண்ணிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குவன, சூட்டுக்கு அஞ்சாதன. காரீயத் தூளை எண்ணெயோடு கலந்து, அது அடியிற் படிந்து குழாயை அடைத்துவிடாதபடி உருளைக்குட் செலுத்தும் கருவியை ஆக்கி, 1915 இல் உரிமை பெற்றார். தம் படைப்புகளுள் இதனையே அவர் மிகவும் மதித்தார் என்பர்.

காரீயம் என்றதும் நம் நாட்டை நினையாதிருக்க முடியாது. போகல, ககட்டகக முதலிய சுரங்கங்களிலிருந்து பாளம் பாளமாக வெட்டியெடுக்கப்படும் இலங்கைக் காரீயம், தூய்மையில் உலகப் புகழ் பெற்றது. மக்கோய் இக்கருவியை ஆக்கிய ஆண்டுகள், முதல் உலகப் போரினால் அதன் ஏற்றுமதி உச்சத்தைத் தொட்ட ஆண்டுகள். அமெரிக்கா அதனைப் பெருமளவில் வாங்கிய நாடு. தேயிலையும் காரீயமும் ஒரே துறைமுகத்திற் கப்பலேறின.

1920 இல், தமது எழுபத்தாறாம் வயதில், டெட்ரொயிட்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு எலைஜா மக்கோய் உற்பத்தி நிறுவனம் என்று பெயர். 1872 இலிருந்து எண்ணினால் நாற்பத்தெட்டு ஆண்டுகள். அத்தனை காலத்தின் பின்னரே தம் கருவியின் மேல் தம் பெயரைத் தாமே பொறிக்கும் நாள் அவருக்கு வாய்த்தது.

அந்த நாள் நீளவில்லை. 1922 இல் மோட்டார் வண்டி விபத்தொன்றில் கணவன் மனைவி இருவரும் காயமுற்றனர். அதிலிருந்து முற்றாகத் தேறாமலே மறு ஆண்டில் மேரி காலமானார். மக்கோயின் உடல்நலமும் மனநலமும் குன்றின. பேணுவார் இன்றி, 1928 இல் டெட்ரொயிட்டை அடுத்த எலொயிஸ் என்னும் ஆதுலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். முதுமை மறதி அவர் அறிவை மெல்ல மூடியது. 57 உரிமைப் பத்திரங்களை ஆக்கிய அந்த மூளையில் இறுதியில் எவை எஞ்சியிருந்தனவோ! 1929 ஒக்டோபர் 10 ஆந் திகதி, எண்பத்தைந்தாம் வயதில் அவர் உயிர் நீத்தார். முதியோருக்கென மனைவி இல்லம் அமைத்த நகரிலே, கணவர் அரசாங்க விடுதியில் அநாதையாய் முடிந்தார் என்பதை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகின்றது.

அவர் பெயரோடு ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கின்றது. உண்மையான சரக்கு, கலப்பற்ற அசல் என்று குறிப்பதற்கு அமெரிக்கர் வழங்கும் மரபுத்தொடர் ஒன்றில் மக்கோய் என்ற பெயர் வருகின்றது. புகையிரதக்காரர் போலிக் கருவிகளை ஒதுக்கிவிட்டு அசல் மக்கோயின் கருவிதான் வேண்டும் என்று கேட்டதனாலேயே அத்தொடர் பிறந்தது என்பர். கேட்க இனிமையான கதை. ஆனால் அதனை ஒத்த தொடர் ஸ்கொட்லாந்தில், வேறு எழுத்துடைய ஒரு பெயரோடு, 1856 இலேயே அச்சில் வந்துவிட்டது. எலைஜா அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர். குத்துச்சண்டை வீரர் ஒருவரோடு அத்தொடரை இணைப்பாரும் உளர். சொற்பிறப்பு ஆராய்வோர் இக்கதையை ஏற்பதில்லை. தமிழாசிரியனாகிய நானும் அவர்கள் பக்கமே. ஓசை ஒன்றினால் ஊர்ப்பெயருக்கெல்லாம் கதை கட்டும் வழக்கம் நம்மிடமும் குறைவா என்ன? எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தம் கருவியின் மேல் பெயர் பொறிக்க இயலாதிருந்த ஒருவருக்கு, மொழியே முன்வந்து ஒரு பெயர்ப் பலகை மாட்டிவிட்டது போல மக்கள் இக்கதையை விடாது சொல்லி வருகின்றனர். கதை பொய்யாயினும் அதனைச் சொல்லத் தூண்டிய நன்றி பொய்யன்று.

2001 இல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012 இல், தலைநகருக்கு வெளியே அமெரிக்கப் புத்தாக்க உரிமைக் காரியாலயத்தின் முதற் கிளை டெட்ரொயிட்டில் திறக்கப்பட்டபோது, அதற்கு எலைஜா மக்கோயின் பெயரே இடப்பட்டது. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம், மிச்சிகனின் வாரென் நகரிலுள்ள டெட்ரொயிட் மெமோரியல் பார்க் இடுகாடு. ஏனைய இடுகாடுகள் கறுப்பின மக்களை இழிவாக நடத்தியமையால், 1925 இல் அவ்வினத்து வணிகர் பலர் ஒன்றுகூடித் தம் பணத்தில் வாங்கிய நிலம் அது.